மூன்று ஊர், ஒரே சட்டை

1979-ஆம் ஆண்டு. அயர்லாந்தின் மட்டையாட்டமான ஹர்லிங்கில் கிளப் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் ஆட்டம். ஒரு பக்கம் கார்க் நகரத்தின் பிளாக்ராக். 1883-இல் தொடங்கிய கிளப் அது. ஹர்லிங்கை ஆளும் சங்கத்தைவிடவே ஒரு வயது மூத்தது. மறுபக்கம் பாலிஹேல் ஷாம்ராக்ஸ். கில்கெனி மாவட்டத்தின் தென்பகுதியில், மாடும் புல்வெளியுமாகக் கிடக்கும் ஒரு கத்தோலிக்கத் திருச்சபைப் பங்கிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய கிளப் பிறந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது.

பிளாக்ராக் 5-7, பாலிஹேல் 5-5. முதல் எண் கோல், அடுத்தது புள்ளி. ஹர்லிங்கில் கோல் ஒன்றுக்கு மூன்று புள்ளி. கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்தை அனுப்பினால் ஒரு புள்ளி. ஆக 22-க்கு 20. இரண்டே புள்ளியில் கிராமத்துப் பையன்கள் தோற்றார்கள்.

தோல்வியைவிட உறுத்திய விஷயம் வேறு. பிளாக்ராக் அணியில் நின்ற ஃபிராங்க் கம்மின்ஸ், அந்தக் காலத்தின் தலைசிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஒருவர். அவர் பிறந்த ஊர் நாக்டோஃபர். அதாவது, பாலிஹேல் ஷாம்ராக்ஸ் என்ற கிளப்பை உண்டாக்கிய மூன்று ஊர்களில் ஒன்று. போலீஸ் வேலைக்காகக் கார்க்குக்குப் போனவர், குடியிருந்த இடத்துக் கிளப்புக்கு ஆடினார். மாவட்ட அணி என்று வந்தால் மட்டும் பிறந்த கில்கெனிக்கே ஆடினார். அந்தச் சட்டையில் எட்டு அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வாங்கினார். பங்கின் முதல் பெரிய இறுதி ஆட்டத்தில், பங்கின் பிள்ளையே எதிரணியில்.

இதில் துரோகம் என்று எதுவும் இல்லை. ஹர்லிங்கில் வீரர்களை விலைக்கு வாங்க முடியாது. எங்கே பிறந்தாய், எங்கே குடியிருக்கிறாய் என்ற இரண்டே கேள்விதான். இந்த விதியைப் புரிந்துகொள்ளாமல் பாலிஹேலின் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. சில நூறு பேர் வாழும் கிராமம் ஒன்று, அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை ஒன்பது முறை எப்படி வென்றது என்ற கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

மட்டையும் சட்டமும்

முதலில் ஆட்டம். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையில் ஆஷ் மரத்தில் இழைத்த மட்டை. ஹாக்கி மட்டையைவிட அதன் முனை அகலமானது, தட்டையானது. ஸ்லிட்டர் எனப்படும் பந்து ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் அளவு, ஆனால் எடை 110 முதல் 120 கிராம்தான். உள்ளே தக்கை, வெளியே தோல். தரையில் அடிக்கலாம், பறக்கும்போதே அடிக்கலாம், கையால் பிடிக்கலாம். பிடித்தபின் நாலு எட்டுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் மட்டையின் நுனியில் பந்தை ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். பின்னால் ஒருவன் மட்டையை ஓங்கியபடி துரத்துவான். தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயமானது 2010-இல்தான் என்றால் இந்த ஊர்க்காரர்களின் நெஞ்சழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆட்டம். 1366-இல் கில்கெனியில் கூடிய ஆங்கிலேயக் குடியேற்ற ஆட்சி, தன் ஆட்கள் ஐரிஷ்காரர்களைப் போல மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்று பயந்து சட்டம் போட்டது. தடை செய்த பழக்கங்களில் இந்த மட்டையாட்டமும் ஒன்று. அதற்குப் பதிலாக வில்வித்தை பழகுங்கள் என்றது சட்டம். இன்றைக்கு அகில அயர்லாந்து மாவட்டப் பட்டத்தை அதிக முறை வென்ற மாவட்டம் கில்கெனி. 36 முறை. சட்டம் போட்ட ஊரிலேயே சட்டம் தோற்றது.

நவீன வடிவம் 1884-இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, தர்ல்ஸ் என்ற சிற்றூரின் ஹேய்ஸ் ஹோட்டலில் மைக்கேல் குசாக் என்ற ஆசிரியரும் மாரிஸ் டேவின் என்ற தடகள வீரரும் இன்னும் சிலரும் கூடி, கேலிக் தடகளச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஜி.ஏ.ஏ. இந்தச் சங்கம் கிராமங்களுக்குள் பரவியபோது தனக்கென்று புதிதாக எல்லைக்கோடு எதையும் போடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கெனவே வகுத்து வைத்திருந்த பங்குகளையே எடுத்துக்கொண்டது. ஒரு பங்கு, ஒரு கோயில், ஒரு கிளப். ஞாயிறு காலை பூசையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் மதியம் பக்கத்தில் நின்று ஆடுவான். வீரருக்கும் பயிற்சியாளருக்கும் திடலைச் சமன் செய்கிறவருக்கும் டிக்கெட் கிழிப்பவருக்கும் ஒரே ஊதியம்தான்: பூஜ்யம். குரோக் பார்க் என்று 82,300 பேர் அமரும் மைதானத்தைக் கட்டி வைத்திருக்கும் சங்கம், தன் மாபெரும் நட்சத்திரங்களுக்கும் இன்றுவரை சம்பளம் தருவதில்லை.

கிளப்புக்கு முந்திய வரலாறு

கில்கெனியின் இந்தத் தெற்குப் பகுதிக்கு மட்டை வேறு விதத்திலும் பழக்கமானது. 1830-களில் ஐரிஷ் கத்தோலிக்க விவசாயிகள், தங்கள் மதமே அல்லாத ஆங்கிலிக்கத் திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. அதை எதிர்த்துக் கூட்டம் போட்டால் போலீஸ் கலைக்கும். ஹர்லிங் ஆட்டம் என்று சொல்லிக் கூடினால்? ஆயிரக்கணக்கானோர் மட்டையோடு கூடினார்கள். தசமபாகம் வசூலிப்பவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். இப்படிப் போனவர்களுக்கு ‘ஹர்லர்கள்’ என்றே பெயர் விழுந்தது.

நாக்டோஃபரின் ஆங்கிலிக்க குருவான ஹான்ஸ் ஹாமில்டனுக்குச் சேர வேண்டிய தசமபாகத்துக்காக நோட்டீஸ் கொடுக்க ஓர் ஆள் கிளம்பினான். துணைக்குப் போலீஸ் படை. 1831 டிசம்பர் 14-ஆம் தேதி, கேரிக்‌ஷாக் என்ற இடத்தில், இரண்டு பக்கமும் கல்சுவர் எழும்பிய ஒரு குறுகிய பாதையில் ஊர்மக்கள் அவர்களை மடக்கினார்கள். சில நிமிடங்களில் 17 பேர் செத்துக் கிடந்தார்கள். நோட்டீஸ் கொண்டுவந்தவன், 13 போலீஸ்காரர்கள், மூன்று கிராமத்தார். வழக்கு நடந்தபோது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஐரிஷ் கத்தோலிக்கத் தலைவரும் வழக்கறிஞருமான டேனியல் ஓ’கானல் வாதாடினார். ஒருவரும் தண்டனை பெறவில்லை.

அந்த இடத்தின் பெயரையே பிறகு பக்கத்துக் கிளப் ஒன்று சூடிக்கொண்டது. கேரிக்‌ஷாக் கிளப் 1930-களிலும் 40-களிலும் கில்கெனியின் பெரிய சக்தி. அதன் ஜிம்மி வால்ஷ் 1932-லும் 1939-லும் கில்கெனிக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கினார். இந்த 1939 இறுதி ஆட்டம் நடந்த நாள் செப்டம்பர் 3. ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்த அதே ஞாயிற்றுக்கிழமை. இடியும் மின்னலும் கொட்டுமழையுமாக நடந்த அந்த ஆட்டத்தில் கார்க்கை ஒரே புள்ளியில் கில்கெனி வென்றது. ஐரிஷ் கிழவர்களிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் ஹிட்லரை முந்திக்கொண்டு மழைதான் வரும் என்பார்கள்.

இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் உண்டு. 1972-இல் பாலிஹேல் ஷாம்ராக்ஸ் பிறந்தபோது அது வெறும் நிலத்தில் முளைக்கவில்லை. ஆட்டம் மண்ணில் ஊறியிருந்தது. ஆனால் ஆட ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

1972

1950-களில் அயர்லாந்து காலியாகிக்கொண்டிருந்த நாடு. அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். 1961 கணக்கெடுப்பில் குடியரசின் மக்கள்தொகை 28 லட்சமாகச் சரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு குறைந்ததில்லை. போனவர்கள் யார்? இருபது வயதுப் பையன்கள், பெண்கள். மட்டையைப் பிடிக்க வேண்டிய கைகள் லண்டனில் செங்கல் சுமந்துகொண்டிருந்தன. சின்ன ஊர்கள் தனித்தனியாகப் பதினைந்து பேரைத் திரட்டுவதே பாடாக இருந்தது.

பாலிஹேல் பங்கில் மூன்று ஊர்ப்புறங்கள்: பாலிஹேல், நாக்டோஃபர், நாக்மொய்லன். நாக்டோஃபரில் 1356-லேயே கார்மெல் சபைத் துறவிகள் மடம் கட்டிவிட்டார்கள். பாலிஹேல் டப்ளினிலிருந்து வாட்டர்ஃபோர்டு போகும் பழைய பெருவழியில் இருந்த ஊர். நாக்மொய்லன் வயல்வெளிகளின் பெயர். ஒரே பங்குதான் என்றாலும் ஆட்டத்தில் மூன்றுக்கும் தனித்தனி ரோஷம். அயர்லாந்துக் கிராமங்களில் மிகக் கசப்பான போட்டி எப்போதும் அடுத்த மாவட்டத்தோடு இருக்காது. அடுத்த வரப்போடுதான் இருக்கும்.

1972-இல் மூன்றும் இணைந்தன. பச்சையும் வெள்ளையும் சட்டை. மூன்று இலை கொண்ட ஷாம்ராக் செடி சின்னம். மூன்று ஊருக்கு வேறென்ன சின்னம் பொருந்தும்? அந்தக் காலமும் தோதாக அமைந்தது. அகில அயர்லாந்து அளவில் கிளப்புகளுக்கென்றே ஒரு போட்டி 1970-71 பருவத்தில்தான் தொடங்கியிருந்தது. அதுவரை மாவட்டக் கோப்பைதான் ஒரு கில்கெனிக் கிராமம் எட்டிப் பார்க்கக்கூடிய உச்சம். இப்போது நாட்டின் சாம்பியன் ஆகலாம் என்ற வாசல் திறந்தது.

இணைப்பு என்பது அயர்லாந்தில் புதிதல்ல. பெரும்பாலான இணைப்புகள் இரண்டு தோல்விக்குள் உடைந்துவிடும். எங்கள் பையனை உட்கார வைத்துவிட்டு அந்த ஊர்ப் பையனை இறக்கினான் என்ற ஒரு வாக்கியம் போதும். பாலிஹேல் உடையவில்லை. ஏன்? என் கணிப்பில், இணைப்பு பெரியவர்களின் கூட்ட அறையைவிடப் பள்ளிக்கூடத்தில்தான் உறுதிப்பட்டது. பாலிஹேல் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஜோ டன்ஃபி, ஹர்லிங்கைப் பாடத்தைப் போலவே கற்றுக்கொடுத்தார். வலது பக்கம் அடி, இடது பக்கம் அடி, உயர்ந்து வரும் பந்தைக் கையில் எடு. ஐந்து வயதில் சேர்ந்து மட்டை பிடித்த பிள்ளைகளுக்கு யார் நாக்டோஃபர், யார் நாக்மொய்லன் என்ற கணக்கு அப்பா சொல்லித்தான் தெரிய வேண்டும். அவர்கள் இருபது வயதை எட்டும்போது அந்தக் கணக்கு செல்லாக்காசு.

ஆறே ஆண்டுகள். 1978-இல் கில்கெனி மாவட்டத்தின் உயர்பிரிவுப் பட்டம். அடுத்த ஆண்டும் அதே. அதற்கடுத்த ஆண்டும் அதே. 1978 முதல் 1991 வரையான பதினான்கு ஆண்டுகளில் ஒன்பது மாவட்டப் பட்டங்கள்.

ஒரு வீட்டில் ஏழு பேர்

1981 அகில அயர்லாந்து இறுதி ஆட்டம். எதிரணி செயின்ட் ஃபின்பார்ஸ். அதுவும் கார்க் நகரக் கிளப்தான். பாலிஹேல் 1-15, ஃபின்பார்ஸ் 1-11. முதல் அகில அயர்லாந்துப் பட்டம். அந்த அணியில் ஏழு பேருக்கு ஒரே வீட்டு முகவரி: ஜெர், கெவின், பிரெண்டன், லியம், மைக்கேல், டெர்மட், ஷான். ஏழு பேரும் ஃபெனல்லி வீட்டு அண்ணன் தம்பிகள். பதினைந்து பேர் கொண்ட அணிக்கு ஒரு தாய் கிட்டத்தட்டப் பாதியைப் பெற்றுக் கொடுத்திருந்தாள்.

இதைக் கேட்டவுடன் அதிசயம் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பங்கு விதி என்றால் இதுதான். வெளியிலிருந்து ஆள் வாங்க முடியாதபோது, உள்ளே இருக்கும் வீடுகள்தான் கிளப்பின் சொத்து. நல்ல வீடு ஒன்று இருந்தால் ஒரு தலைமுறைக்குக் கோப்பை. அந்த வீட்டில் பெண் பிள்ளைகளாகப் பிறந்துவிட்டால் ஹர்லிங் கோப்பை பக்கத்துப் பங்குக்கு. (பெண்களுக்கு கமோகி என்று தனி ஆட்டமும் தனிக் கோப்பையும் உண்டு.) பாலிஹேலை ‘மூன்று நாலு குடும்பத்தின் கிளப்’ என்று போட்டிக் கிளப்புகள் கிண்டல் செய்வது முழுக்கத் தவறும் இல்லை. ஃபெனல்லிகள் முடிகிற இடத்தில் ஷெஃப்லின்கள், பிறகு ரீட்கள், முல்லன்கள்.

1984-இல் கால்வே மாவட்டத்தின் கோர்ட் கிளப்பை மறு ஆட்டத்தில் வென்று இரண்டாவது பட்டம். 1990-இல் லிமரிக்கின் பாலிபிரௌனை வென்று மூன்றாவது. அதோடு சரி. 1991-க்குப் பிறகு மாவட்டக் கோப்பையே பதினைந்து வருஷம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு அண்ணன் தம்பிகளுக்கும் வயதாகிவிட்டது.

கேப்டன் யார்?

இந்த இடத்தில் கில்கெனியின் ஒரு விசித்திரமான வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாவட்ட அணியின் கேப்டனை மேலாளர் தேர்ந்தெடுப்பதில்லை. முந்தைய ஆண்டு மாவட்டக் கோப்பையை வென்ற கிளப் தன் ஆட்களில் ஒருவரைச் சொல்லும். அவர்தான் கேப்டன். இதன் வேர் 1887-இல் இருக்கிறது. அந்த முதல் அகில அயர்லாந்துப் போட்டியில் மாவட்ட அணி என்று தனியாக ஒன்று கிடையாது. மாவட்டத்தை வென்ற கிளப்பே மாவட்டத்தின் பெயரில் போய் ஆடியது. அணித் தேர்வு மாறிவிட்டது. கேப்டன் பதவி மட்டும் பழைய உரிமையாகக் கிளப்பிடமே தங்கிவிட்டது.

ஆகவே பாலிஹேல் கோப்பை வென்ற காலமெல்லாம் கில்கெனியின் கேப்டனும் அந்தப் பங்கின் ஆளே. 1979-இல் ஜெர் ஃபெனல்லி அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கினார். 1983-லும் 1992-லும் லியம் ஃபெனல்லி. பிறகு பஞ்சம் நீங்கியதும் 2007-இல் ஹென்றி ஷெஃப்லின், 2008-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், 2009-இல் மைக்கேல் ஃபெனல்லி. கடைசியாகச் சொன்னவர் அந்த ஏழு பேரில் ஒருவரான மைக்கேலின் மகன். மூன்று தொடர் ஆண்டுகள், மூன்று கேப்டன்கள், மூவரும் ஒரே பங்கு. 2015-இல் ஜோயி ஹோல்டன் கோப்பையைத் தூக்கினார். நிர்வாகவியல் படித்தவர்கள் இந்த முறையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய மேடையில் யார் கோப்பையை உயர்த்துவது என்பதை ஒரு கிராமத்துக் கூட்ட அறை தீர்மானிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மதுக்கடைக்காரர் மகன்

ஹென்றி ஷெஃப்லின் பிறந்தது 1979 ஜனவரியில். பிளாக்ராக்கிடம் தோற்ற அதே வருஷம். பாலிஹேலில் மதுக்கடை நடத்திய குடும்பம். ஜோ டன்ஃபியிடம் பள்ளியில் மட்டை பிடித்தவர். கில்கெனி சட்டையில் 2000-க்கும் 2014-க்கும் இடையே பத்து அகில அயர்லாந்துப் பதக்கங்கள். அதுவரை யாரும் எட்டாத எண். ஆண்டின் சிறந்த ஹர்லர் விருது மூன்று முறை: 2002, 2006, 2012. அவர் காலத்தில் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர் அதுதான் என்பதில் பெரிய வாக்குவாதம் இல்லை. செல்லப் பெயரே ‘கிங் ஹென்றி’.

2006-இல் பதினைந்து வருஷப் பஞ்சம் முடிந்தது. மாவட்டக் கோப்பை, பின்பு 2007-இல் லாக்ரே கிளப்பை 3-12-க்கு 2-8 என்று வென்று நான்காவது அகில அயர்லாந்துப் பட்டம். ஆனால் அந்தத் தலைமுறையின் உண்மையான பரீட்சை வேறு கிளப்பிடம் இருந்தது. கால்வேயின் போர்ட்டம்னா, ஜோ கேனிங் என்ற பெருந்திறமைக்காரனின் கிளப். 2009 அரையிறுதியில் போர்ட்டம்னா பாலிஹேலை ஐந்து கோல் போட்டு நொறுக்கியது. அடுத்த ஆண்டு இறுதியில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். போர்ட்டம்னா தொடர்ச்சியாக மூன்றாவது பட்டத்தை நோக்கி நின்றது. பாலிஹேல் 1-19, போர்ட்டம்னா 0-17.

மூன்று தொடர் பட்டம் என்பதை ஹர்லிங் கிளப் வரலாற்றில் யாரும் செய்ததில்லை. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் தேவைப்படும்.

2015 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள். கிளப் இறுதி அன்று நடப்பதுதான் அப்போதைய வழக்கம். கில்மாலக் கிளப்பை 1-18-க்கு 1-6 என்று பாலிஹேல் தூக்கி எறிந்தது. சில நாட்களில் ஷெஃப்லின் மாவட்ட அணியிலிருந்து ஓய்வு அறிவித்தார். கிளப்பை விட்டு எங்கும் போகவில்லை. பிறகு அதன் மேலாளராகி, 2019-லும் 2020-லும் அடுத்தடுத்து அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2019 இறுதியில் செயின்ட் தாமஸ் கிளப்புக்கு எதிராக 2-28. அறுபது நிமிஷத்தில் முப்பது முறை கோலுக்கோ சட்டத்துக்கு மேலேயோ பந்து போனது. அதன் பிறகுதான் அவர் கால்வே மாவட்ட அணிக்கு மேலாளராகப் போனார்.

இந்த இரண்டாம் பொற்காலத்தின் நடுத்தூண் டி.ஜே. ரீட். 2015-இன் சிறந்த ஹர்லர். தம்பி ரிச்சியோடு, எய்ட்ரியன் முல்லன், இயோன் கோடி என்று வயதில் பத்துப் பதினைந்து ஆண்டு இளைய பையன்களோடு ஆடியவர். முல்லன் 2019-லும் கோடி 2020-லும் நாட்டின் சிறந்த இளம் ஹர்லர்கள். ஷெஃப்லின் இல்லாவிட்டால் பாலிஹேல் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில்.

கடைசி நொடி

2021-இல் கொரோனாவால் கிளப் இறுதி நடக்கவில்லை. ஆகவே 2022-இல் பாலிஹேல் குரோக் பார்க்கில் இறங்கியபோது, தொடர் மூன்றாவது பட்டம் அவர்கள் முன் நின்றது. அரையிறுதியில் செயின்ட் தாமஸிடம் தோல்வியின் விளிம்புக்குப் போனவர்கள், காயத்துக்காகச் சேர்த்த நேரத்தில் டி.ஜே. ரீட் ஃப்ரீ அடியில் போட்ட கோலால் தப்பி வந்திருந்தார்கள்.

பிப்ரவரி 12. எதிரணி வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னர். காயத்துக்காகச் சேர்த்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாலிஹேல் இரண்டு புள்ளி முன்னால். ஒரு புள்ளி போனால் பரவாயில்லை; கோல் மட்டும் விழக்கூடாது. மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த ஹாரி ரூடில் ஓடி வந்து அடித்தார். பந்து வலைக்குள். பாலிகன்னர் 2-17, பாலிஹேல் 1-19. 23-க்கு 22. இரண்டு வாரம் முன்பு தாங்கள் அடுத்தவருக்குச் செய்தது அப்படியே தங்களுக்குத் திரும்பியது. போர்ட்டம்னாவைத் தடுத்த கிளப்பையே அதே சுவர் தடுத்தது.

இத்தகைய தோல்விக்குப் பிறகு ஒரு கிளப் என்ன செய்கிறது என்பதில்தான் எனக்கு அக்கறை. 2022 டிசம்பரில் லென்ஸ்டர் மாகாண இறுதி. எதிரணி டப்ளினின் கில்மகட் குரோக்ஸ். தலைநகரின் வசதியான புறநகர். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கொண்ட பெருங்கிளப். ஒரு வயதுப் பிரிவில் அவர்களிடம் இருக்கும் பையன்கள் அளவுக்குப் பாலிஹேலின் மொத்தப் பள்ளியிலும் இருக்க மாட்டார்கள். பாலிஹேல் வென்றது. 2023 ஜனவரியில் ஆன்ட்ரிம் மாவட்டத்தின் டன்லாயை 1-22-க்கு 1-15 என்று வென்று ஒன்பதாவது பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. மாவட்டத்தில் 2018 முதல் 2022 வரை தொடர்ச்சியாக ஐந்து, மொத்தம் இருபது. 1887-இல் கில்கெனியின் முதல் மாவட்டக் கோப்பையை வென்ற டல்லரோன் நூறாண்டுக்கு மேல் எடுத்துச் சேர்த்த எண்ணிக்கையை, பாலிஹேல் ஐம்பது ஆண்டில் தொட்டது.

இனி

கதை இங்கே முடிந்திருந்தால் வெறும் வெற்றிப் பட்டியல். இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

ஒன்று, மரம். மட்டையை ஆஷ் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து, வேர் வளைந்து விரியும் இடத்தில் அறுக்கிறார்கள். அந்த வளைவில் மரத்தின் நார் மட்டை முனையோடு சேர்ந்தே திரும்புவதால் அடி தாங்கும். மரம் அதற்குப் பக்குவப்பட முப்பது ஆண்டு பக்கம் ஆகும். 2012-இல் ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் அயர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஏற்கெனவே மட்டைக்கான மரத்தில் பெரும்பங்கு வெளிநாட்டு இறக்குமதி. மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் செய்த மட்டைகள் கடைக்கு வந்துவிட்டன. ஆட்டம் நிற்காது. ஆனால் தாத்தா நட்ட மரத்தில் பேரனுக்கு மட்டை என்ற தொடர்ச்சி அறுந்துவிடும். 2018-இல் யுனெஸ்கோ ஹர்லிங்கை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. மரத்துக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது, ஆள். அயர்லாந்தின் மக்கள்தொகை இப்போது ஏறுகிறது, ஆனால் டப்ளினையும் அதைச் சுற்றிய ஊர்களையும் நோக்கி ஏறுகிறது. 2008 நிதி நெருக்கடியில் கிராமத்து அணிகளிலிருந்து பாதிப்பேர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போன அனுபவம் பல பங்குகளுக்கு உண்டு. மேற்குக் கரையோரத்தில் பல கிளப்புகள் சிறுவர் பிரிவில் தனியாக அணி இறக்க முடியாமல், 1972-இல் பாலிஹேல் எடுத்த அதே முடிவை இன்று எடுத்துக்கொண்டிருக்கின்றன. 2010-இல் புதிய எம்9 நெடுஞ்சாலை திறந்தபின் டப்ளின்–வாட்டர்ஃபோர்டு வண்டிகள் பாலிஹேல் தெரு வழியே போவதில்லை. ஊருக்கு நிம்மதி, கடைகளுக்கு நஷ்டம்.

பாலிஹேலைத் தேவதைக் கதையாக்கும் எழுத்துகள் நிறைய வந்துவிட்டன. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திறமை அங்கே மழையாகப் பெய்யவில்லை. சரியான நேரத்தில் மூன்று ஊர்கள் தங்கள் தனி அணிகளை விட்டுக்கொடுத்தன. ஒரு பள்ளி ஆசிரியர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். சில குடும்பங்கள் பெருகின. விட்டுக்கொடுக்காத ஊர்களிலும் திறமை இருந்தது. பதினைந்து பேர்தான் இல்லை.

2023 மாவட்ட இறுதியில் கில்கெனி நகரத்தின் ஓ’லாக்லின் கேல்ஸிடம் பாலிஹேல் தோற்று, தொடர் ஐந்தோடு அந்த ஓட்டம் நின்றது. அகில அயர்லாந்து கிளப் பட்டியலில் பாலிஹேலுக்கு ஒன்பது. அவர்களுக்குப் பின்னால் முன்னணியில் நிற்கும் பிர்ருக்கும் போர்ட்டம்னாவுக்கும் தலா நான்கு. கிளப் இறுதி ஆட்டம் இப்போது புனித பேட்ரிக் நாளை விட்டு ஜனவரிக்கு நகர்ந்துவிட்டது. ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டி.ஜி.4 அதைக் காட்டுகிறது. கிரிக்கெட் ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்ற செய்தி அலுத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஒரு மணிநேரம் ஒதுக்கி அதைப் பாருங்கள். களத்தில் நிற்கும் முப்பது பேரில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. மறுநாள் காலை அத்தனை பேரும் வேலைக்குப் போக வேண்டும்.